43 அடி மோட்டார் ஹோம்: கார் ஓட்டும் உரிமம் போதுமா?

பயணவிரும்பி:

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் வசிக்கும் நானும் என் கணவரும், பணி ஓய்வுக்குப் பிறகு அமெரிக்கா முழுவதையும் சாலை வழியாகச் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தில், பின்புறம் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்ட 43 அடி நீளமுள்ள பழைய மோட்டார் ஹோம் (தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறோம். கார் ஓட்டும் உரிமமே போதும், வேறு எதுவும் தேவையில்லை என்று விற்பவர் சொல்கிறார். லாரி நிறுவனத்தில் பல காலம் வேலை பார்த்த எங்கள் உறவினரோ, இத்தனை எடையுள்ள வண்டியை சி.டி.எல். எனப்படும் வணிக வாகன உரிமம் இல்லாமல் சாலையில் இறக்கவே கூடாது என்கிறார். இருவருமே உறுதியாகப் பேசுகிறார்கள். வண்டியின் பின்னால் சிறிய கார் ஒன்றை இழுத்துச் செல்லவும் நினைக்கிறோம். மகள் வசிக்கும் டெக்சாஸுக்கே குடிபெயரும் யோசனையும் இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்குள் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விவரம் அறிந்தவர்கள் உதவுங்கள்.

கனரக ஓட்டுநர்:

அம்மா, விற்பவர் சொல்வது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. உங்கள் உறவினர் சொல்வது லாரிக்குப் பொருந்தும், சொந்தப் பயணத்துக்கான மோட்டார் ஹோமுக்குப் பொருந்தாது.

சி.டி.எல். என்ற ஏற்பாடு 1986ஆம் ஆண்டின் வணிக மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக வந்தது. தனி வண்டியாக இருந்தால் அதன் மொத்த எடை வரம்பு (வண்டியும் அதில் ஏற்றுவதும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடையாகத் தயாரிப்பாளர் குறிப்பது) 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருக்கும்போதும், டிரெய்லர் இழுக்கும் வண்டியாக இருந்தால் இரண்டின் வரம்பும் சேர்ந்து அதே அளவைத் தொட்டு, இழுக்கப்படுவதன் வரம்பு மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டும்போதும், ஓட்டுநரையும் சேர்த்து 16 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பயணம் செய்வதற்காக வடிவமைக்கப்பட்ட வண்டியாக இருக்கும்போதும் அந்த உரிமம் தேவைப்படுகிறது. ஆனால் இவை அனைத்துக்கும் அடிப்படையாக ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த வண்டி வணிகத்துக்காகப் பயன்பட வேண்டும். குடும்பத்தோடு சொந்தப் பயணத்துக்கு மட்டும் பயன்படும் மோட்டார் ஹோம், அது எவ்வளவு எடையுள்ளதாக இருந்தாலும், கூட்டாட்சி அரசின் சி.டி.எல். விதிக்குள் வருவதில்லை.

உங்கள் உறவினர் கவனிக்கத் தவறியது அந்த நிபந்தனையை. ஆனால் கூட்டாட்சி அரசு விட்டுக்கொடுத்த இடத்தில் மாநிலங்கள் தங்கள் சொந்த விதிகளை வகுத்துக்கொள்ளலாம். பல மாநிலங்கள் அப்படி வகுத்தும் இருக்கின்றன. உங்கள் மாநிலமும் அவற்றுள் ஒன்று. அதை விற்பவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஹோம்களை கிளாஸ் ஏ, கிளாஸ் பி, கிளாஸ் சி என்று தயாரிப்பாளர்கள் பிரிப்பதற்கும், உரிமங்களை கிளாஸ் ஏ, பி, சி என்று மாநிலங்கள் பிரிப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பேருந்து போன்ற தோற்றமுள்ள பெரிய மோட்டார் ஹோமைச் சந்தையில் கிளாஸ் ஏ என்கிறார்கள். அதை ஓட்டுவதற்கு கிளாஸ் ஏ உரிமம் தேவை என்று எண்ணிக் கவலைப்படும் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

விதிநூல் வாசகர்:

மாநிலங்களின் விதிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மாநிலமும் எதை அளக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சில மாநிலங்கள் எடையை அளக்கின்றன, சில நீளத்தை அளக்கின்றன, சில எதையும் அளப்பதில்லை.

கலிஃபோர்னியாவில் மோட்டார் ஹோமைப் பொறுத்தவரை நீளமே அளவுகோல். 40 அடிக்கு மிகாத வண்டியைக் கார் ஓட்டும் கிளாஸ் சி உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம். 40 அடியைத் தாண்டி 45 அடி வரை உள்ள வண்டிக்கு வணிகம் சாராத கிளாஸ் பி உரிமம் வேண்டும். அதற்குத் தனி எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் உண்டு. உடல்நிலை குறித்த வினாப்படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பதோடு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைப் புதிதாகக் கொடுத்துவரவும் வேண்டும். ஆகவே 43 அடி வண்டியைக் கார் உரிமத்தோடு ஓட்டுவது அங்கே சட்ட மீறல்தான்.

டெக்சாஸில் நிலைமை வேறு. அங்கே நீளத்தைப் பார்ப்பதில்லை. மொத்த எடை வரம்பு 26,000 பவுண்டைத் தாண்டினால் வணிகம் சாராத கிளாஸ் பி உரிமம் வேண்டும். அந்த அளவைத் தாண்டும் வண்டித்தொடரில் இழுக்கப்படுவதன் வரம்பு மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் கிளாஸ் ஏ வேண்டும்.

இந்த இரண்டு மாநிலங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரியும். 39 அடி நீளமும் 34,000 பவுண்டு எடை வரம்பும் உள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் வசிப்பவர் அதைக் கார் உரிமத்தோடு எந்தத் தடையும் இல்லாமல் ஓட்டுவார். அவரே டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டால், அதே வண்டியை ஓட்ட கிளாஸ் பி தேர்வு எழுத வேண்டியிருக்கும். வண்டி மாறவில்லை, ஓட்டுபவரும் மாறவில்லை, முகவரி மட்டுமே மாறியிருக்கிறது.

நியூயார்க்கில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட மோட்டார் ஹோமுக்கு, வழக்கமான உரிமத்தின் மீதே ஆர் என்ற மேலொப்புதலை, அதாவது கூடுதல் அனுமதியை, ஓட்டுநர் தேர்வு வழியாகப் பெற வேண்டும். மிச்சிகனிலும் ஆர் என்ற மேலொப்புதல் இருக்கிறது. ஆனால் அது பிக்கப் லாரியின் பின்னால் ஃபிஃப்த் வீல் டிரெய்லரையும் (லாரியின் சரக்குத் தளத்தில் இணைக்கப்படும் டிரெய்லர்) அதற்குப் பின்னால் இன்னொரு டிரெய்லரையும் சேர்த்து இழுப்பவர்களுக்கு உரியது. தென் கரோலினா 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட தனி வண்டிக்கு கிளாஸ் ஈ என்றும், வண்டித்தொடருக்கு கிளாஸ் எஃப் என்றும் தனி வகுப்புகள் வைத்திருக்கிறது. ஃபுளோரிடாவிலும் கிளாஸ் ஈ உண்டு. அங்கே அது சாதாரணக் கார் உரிமத்தின் பெயர், அதைக் கொண்டே எவ்வளவு பெரிய மோட்டார் ஹோமையும் ஓட்டலாம். எனவே எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இன்னொரு மாநிலத்தவர் சொன்ன அறிவுரையை உங்கள் மாநிலத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

நீங்கள் வசிக்கும் மாநிலம் முறையாகக் கொடுத்த உரிமத்தைப் பயணத்தில் கடந்து செல்லும் மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஒவ்வொரு மாநில எல்லையிலும் உரிமத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஃபுளோரிடா குடிமகன்:

நான் ஃபுளோரிடாவில் இருக்கிறேன். 40 அடி டீசல் மோட்டார் ஹோமை என் கார் உரிமத்தோடுதான் ஓட்டிவருகிறேன். எங்கள் மாநிலத்தின் நிலைப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. மோட்டார் ஹோம் ஓட்டுபவர்களில் பெரும்பாலானோர் நடுத்தர வயதைக் கடந்தவர்கள், அவசரம் இல்லாதவர்கள், தங்கள் சொந்த வீட்டையே ஓட்டிச் செல்பவர்கள். அவர்களுக்கு எதற்காகக் கூடுதல் தேர்வு? தேர்வுக்கு இவ்வளவு பெரிய வண்டியை நாமே கொண்டுபோக வேண்டும், அதற்கேற்ற இடமும் தேர்வாளரும் உள்ள அலுவலகத்தைத் தேட வேண்டும். பயிற்சி தேவை என்பதை ஏற்கிறேன். அதைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதைத்தான் ஏற்கவில்லை.

கனரக ஓட்டுநர்:

ஐயா, உங்கள் கவனத்தையும் பொறுப்பையும் நான் ஐயப்படவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மனிதரின் நிதானம், வண்டியின் இயல்பை அறிந்திருப்பதற்கு ஈடாகாது.

பெரிய டீசல் மோட்டார் ஹோம்கள் பெரும்பாலானவற்றில் காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக் இருக்கிறது. அதற்கும் காரின் ஹைட்ராலிக் பிரேக்குக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. காற்றழுத்தம் தொட்டியில் நிரம்பும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது. ஓடும்போது அழுத்தம் குறைந்துவிட்டால், ஏறத்தாழ 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அளவுக்கு இறங்குவதற்குள் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வர வேண்டும். அதையும் மீறி 20 முதல் 45 பி.எஸ்.ஐ. வரையிலான அளவுக்கு இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே விழுந்து சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் மிதியை அழுத்திய கணத்துக்கும் காற்று சக்கரத்தைச் சென்றடையும் கணத்துக்கும் இடையே சிறு தாமதமும் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் கீழ் கியருக்கு மாறாமல், எஞ்சின் பிரேக்கைப் பயன்படுத்தாமல், மிதியை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். சி.டி.எல். எழுதும் லாரி ஓட்டுநர், எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை அழுத்திப் பிடித்தபடி, தனி வண்டியில் நிமிடத்துக்கு 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று கசிகிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும். அதே எடையும் அதே பிரேக் அமைப்பும் உள்ள மோட்டார் ஹோமை வாங்குபவரிடம் பல மாநிலங்கள் அப்படி ஒரு கேள்வியைக்கூடக் கேட்பதில்லை.

பின்பகுதி வீச்சு என்பது அடுத்தது. இந்த வண்டிகளில் பின் சக்கரத்துக்குப் பின்னால் பத்தடிக்கும் மேல் உடல் நீண்டிருக்கும். வலப்பக்கம் திரும்பும்போது அந்தப் பகுதி இடப்பக்கம் வீசும். எரிபொருள் நிலையத்தின் தூண்களிலும் பக்கத்துத் தடத்தில் நிற்கும் கார்களிலும் இடிப்பது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். கார் ஓட்டிப் பழகியவருக்கு இந்த உணர்வு தானாக வந்துவிடாது.

ஆகவே, தேர்வு தேவையில்லை என்று மாநிலம் சொல்வதை, கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த மாநிலத்தில் வசித்தாலும், வணிக ஓட்டுநர் கையேட்டில் உள்ள ஏர் பிரேக் அத்தியாயத்தை முழுமையாகப் படியுங்கள். அந்தக் கையேட்டை மாநிலங்கள் இலவசமாகவே வெளியிடுகின்றன.

ஃபுளோரிடா குடிமகன்:

ஏர் பிரேக்கைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. எழுத்துத் தேர்வில் அந்த ஒரு பகுதியை மட்டும் சேர்த்தால் நானும் அதை வரவேற்பேன். ஆனால் முழு ஓட்டுநர் தேர்வை எல்லோருக்கும் கட்டாயமாக்குவதை இப்போதும் ஏற்கவில்லை. 26,000 பவுண்டு என்ற கோடு லாரிகளுக்காக வரையப்பட்டது. பெட்ரோல் எஞ்சினுள்ள மோட்டார் ஹோம்கள் பலவற்றுக்கு அடித்தளமான ஃபோர்டு எஃப்-53 சட்டகத்தின் உச்ச வரம்பு சரியாக 26,000 பவுண்டு. அதில் கட்டப்பட்ட 36 அடி வண்டிக்குத் தேர்வு இல்லை, அதைவிடச் சில நூறு பவுண்டு கூடுதலான வண்டிக்குத் தேர்வு உண்டு என்றால், அந்தக் கோடு ஓட்டுபவரின் திறமையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

ஒன்டாரியோவிலிருந்து:

கனடாவுக்கும் பயணம் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்டாரியோவில் வழக்கமான ஜி உரிமம் 11,000 கிலோ வரை உள்ள வண்டிகளுக்குச் செல்லும். அதைத் தாண்டிய மோட்டார் ஹோமுக்கு கிளாஸ் டி உரிமம் வேண்டும். கனரக ஓட்டுநர் ஐயா குறிப்பிட்ட ஏர் பிரேக் விஷயத்தை எங்கள் மாகாணம் தனியாகவே பார்க்கிறது. ஏர் பிரேக் உள்ள வண்டி எதுவாக இருந்தாலும், அது சொந்தப் பயணத்துக்கானதாகவே இருந்தாலும், இசட் என்ற மேலொப்புதல் இல்லாமல் ஓட்ட முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆல்பர்டாவிலும் ஏர் பிரேக்குக்கு இதே போன்ற தனி ஒப்புதல் உண்டு, ஆல்பர்டாவில் அதன் குறியீடு க்யூ. இசட் பெறுவதற்காக அந்தப் பாடத்தைப் படித்தபோதுதான் என் வண்டியின் முகப்பில் இருக்கும் இரண்டு அழுத்தமானிகள் எதைக் காட்டுகின்றன என்பதே எனக்கு முழுமையாகப் புரிந்தது. இந்த ஏற்பாட்டை நான் மனமார ஆதரிக்கிறேன்.

பேருந்தை வீடாக்கியவர்:

பழைய பேருந்தை வாங்கி வீடாக மாற்றுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. எடை குறைவான பள்ளிப் பேருந்தாகவே இருந்தாலும், ஓட்டுநரையும் சேர்த்து 16 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் அமரும் வடிவமைப்பு என்ற அடிப்படையில் அதைப் பயணிகள் வண்டியாகக் கருத இடமிருக்கிறது. இருக்கைகளை அகற்றி, படுக்கை, சமையலிடம், தண்ணீர் வசதி ஆகியவற்றைப் பொருத்தி, வண்டியின் உரிமைப் பத்திரத்தில் மோட்டார் ஹோம் என்று மாற்றிப் பதிவு செய்த பிறகுதான் இங்கே பேசப்படும் விதிகள் அதற்கு ஐயமின்றிப் பொருந்தும். வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதை வாங்குவதற்கு முன்பே உங்கள் மாநிலத்தின் மோட்டார் வாகனத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழிப் பதிலை வைத்துக்கொண்டு சாலையோரத்தில் காவலரிடம் வாதிட முடியாது.

விதிநூல் வாசகர்:

வணிகப் பயன்பாடு என்பதை இங்கே யாரும் விரிவாகப் பேசவில்லை. வரம்பு மீறப்படுவதே தெரியாமல் மீறப்படும் இடம் அதுதான். 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட மோட்டார் ஹோமில் சரக்கு ஏற்றிச் சென்று சந்தைகளில் விற்பது, அதை நடமாடும் அலுவலகமாகவோ மருத்துவ முகாமாகவோ நிறுவனத்துக்காக ஓட்டுவது, கூலி பெற்றுக்கொண்டு தொழிற்சாலையிலிருந்து விற்பனை நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பது ஆகியவை எல்லாம் வணிகப் பயன்பாடே. அங்கே சி.டி.எல். விதி முழுமையாகத் திரும்பி வந்துவிடும். பயணவிரும்பி அம்மா, வண்டியை உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்க்க விற்பவர் ஓர் ஓட்டுநரைக் கூலிக்கு அமர்த்தினால், அவரிடம் சி.டி.எல். இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் செல்பவர்கள் பரிசுப் பணம் பெற்றால் அது வணிகமாகிவிடுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பரிசுப் பணத்தைச் சாதாரண வருமானமாக வரிக் கணக்கில் காட்டி, செலவுகளை வணிகச் செலவாகக் கழிக்காமல், நிறுவன விளம்பர ஆதரவும் பெறாமல் இருந்தால் அது வணிகமாகாது என்பதே கூட்டாட்சி வழிகாட்டுதலின் சாரம். மோட்டார் ஹோமின் செலவைத் தொழில் செலவாகக் காட்டிக்கொண்டே, உரிம விதியில் மட்டும் சொந்தப் பயன்பாடு என்று சொல்வது நிற்காது.

பிரிட்டன் வாசகர்:

எங்கள் நாட்டில் கோடு இதைவிட மிகத் தாழ்வாக இருக்கிறது. கார் ஓட்டும் பி பிரிவு 3,500 கிலோவோடு முடிந்துவிடும். அதற்கு மேல் 7,500 கிலோ வரை சி1, அதையும் தாண்டினால் சி. 1997 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்கு சி1 தானாகவே கிடைத்திருந்தது. ஆனால் 70 வயதில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்று கொடுத்தால்தான் அது நீடிக்கும். இங்கும் வண்டியில் உண்மையில் ஏற்றியிருக்கும் எடை கணக்கில்லை, பலகையில் பொறித்திருக்கும் வரம்பே கணக்கு. காலி வண்டிதானே என்று சொல்லித் தப்ப முடியாது.

பயணவிரும்பி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வண்டியைப் போய்ப் பார்த்தோம். ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் உள்ள பலகையில் மொத்த எடை வரம்பு 44,600 பவுண்டு என்று இருக்கிறது. பதிவுச் சான்றிலும் நீளம் 43 அடி என்றே இருக்கிறது. எங்கள் கார் 15 அடி நீளம், எடை 10,000 பவுண்டைவிட மிகக் குறைவு. கலிஃபோர்னியாவில் கிளாஸ் பி தேர்வு எழுத முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். காரை இழுப்பதற்காக கிளாஸ் ஏ தேவைப்படுமா? தேர்வுக்கு வண்டியை யார் ஓட்டிக்கொண்டு போவது?

விதிநூல் வாசகர்:

காருக்காக கிளாஸ் ஏ தேவையில்லை. இழுக்கப்படுவது 10,000 பவுண்டுக்குள் இருக்கும்வரை கிளாஸ் பி போதும். ஆனால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் வண்டித்தொடரின் மொத்த நீளம் 65 அடியைத் தாண்டக் கூடாது. 43 அடியும் 15 அடியும் சேர்ந்து 58. இழுவைத் தண்டுக்கு 7 அடி மிஞ்சுகிறது, அது தாராளமாகப் போதும். 40 அடியைத் தாண்டிய மோட்டார் ஹோம் அங்கே எல்லாச் சாலைகளிலும் செல்ல முடியாது. அனுமதிக்கப்பட்ட சாலைகளின் பட்டியலை மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸ் வெளியிட்டிருக்கிறது. முகாமிடங்களை முன்பதிவு செய்வதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தால், உரிமத்தை மாற்றிக்கொள்ள 90 நாட்களும் வண்டியைப் பதிவு செய்ய 30 நாட்களும்தான் அவகாசம். 44,600 பவுண்டு என்பதால் அங்கேயும் கிளாஸ் பிதான் வேண்டும்.

கனரக ஓட்டுநர்:

தேர்வுக்கான வண்டியை நீங்களே கொண்டுபோக வேண்டும், அது நீங்கள் கேட்கும் வகுப்பைச் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிப் பயிற்சி அனுமதி வாங்கியபின், அந்த வகுப்புக்கு உரிய உரிமம் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்க நீங்கள் ஓட்டலாம். அப்படி ஒருவரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஹோம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநர்கள் பலர் தேர்வு நாளன்றும் உடன் வருவார்கள். மாநில மோட்டார் வாகனத் துறை பொழுதுபோக்கு வண்டிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் என்றே தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு அதிலிருந்து தொடங்குங்கள்.

வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசுங்கள். ஓட்டுபவருக்கு வண்டியின் வகுப்புக்கு ஏற்ற உரிமம் இல்லாத நிலையில் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அது காரணமாகிவிடும். பயிற்சி அனுமதியோடு ஓட்டும் காலத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணவிரும்பி:

நான்தான் பெரும்பாலும் ஓட்டப்போகிறேன். என் கணவர் எப்போதாவது நெடுஞ்சாலையில் மட்டும் கை மாற்றிக்கொள்வார். அவருக்கும் கிளாஸ் பி வேண்டுமா, அல்லது நான் பக்கத்தில் இருந்தால் போதுமா?

விதிநூல் வாசகர்:

அவருக்கும் வேண்டும். பயிற்சி அனுமதி வைத்திருந்தால் மட்டுமே, கிளாஸ் பி உள்ள நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்க அவர் ஓட்டலாம். அதுவும் இல்லாமல் சாதாரண கிளாஸ் சி உரிமத்தோடு ஒரு மைல் ஓட்டினாலும் அது தகுதியற்ற வகுப்பில் ஓட்டியதாகவே ஆகும். முடிந்தால் இருவரும் ஒன்றாகவே எழுத்துத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். வழியில் உங்களில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால், மற்றவர் சட்டப்படி வண்டியை ஓட்டிவர முடியும்.